ஒரே தோட்டத்துல நாலு விதமான மண்ணு இருந்தா காய்கறி போடறது எப்படி

அஞ்சு சென்ட் எடத்துல தக்காளி நட்டா ஒரு ஓரத்துல இருக்கறது இடுப்பு ஒசரம் வந்து காய் தொங்குது, பத்தடி தள்ளி இருக்கறது முழங்காலுக்கே வராம மஞ்சளடிச்சு நிக்குது, இத்தனைக்கும் அதே நாத்து, அதே எரு, அதே போர் தண்ணி. நம்ம கொங்குப் பக்கத்துல பொடக்காளில, அதாவது வீட்டுக்குப் பின்னாடி, தோட்டம் போடறவங்க நெறையப் பேரு இதையே தான் சொல்றாங்க. உடனே "உரம் பத்தலீங்க"ன்னு ரெண்டு மூட்டை வாங்கியாந்து எல்லாத்துக்கும் சமமா எறைச்சு உட்டுடறது, அப்பறம் நல்லா இருந்த பக்கம் இன்னும் தளதளன்னு வருது, கெட்ட பக்கம் கெட்டபடியே இருக்குது.

மொத்த எடத்தையும் ஒரே மண்ணா ஆக்கோணும்னு மட்டும் மெனக்கெடாதீங்க. அது ஆகற காரியம் இல்ல, ஆனாலும் அந்தச் செலவுக்கு வருசக்கணக்குல உழவர் சந்தைல காய் வாங்கித் தின்னுக்கலாம். எந்தத் துண்டுல என்ன மண்ணு, ஏன் அப்படி ஆச்சுன்னு கண்டுபுடிச்சு, துண்டுக்குத் துண்டு பயிரையும் தண்ணியையும் மாத்திக்கறது தான் லேசான வழி. கீழ எழுதியிருக்கறது பூரா அதுக்குத்தான்.

ஏன் இப்படி மாறி மாறி இருக்குது

மொத விஷயம், கொங்கு மண்ணே அப்படித்தானுங்க. சூலூர் இருகூர் பக்கம் செம்மண்ணு, உடுமலை பக்கம் கரிசல், காங்கேயம் மூலனூரு பக்கம் சரளை, கோபி பவானி ஆத்தோரம் வண்டல்னு பொதுவா சொல்லிக்கறோம், ஆனா ஒரே காட்டுல ஒரு கடைசி செவப்பாவும் மறு கடைசி கருப்பாவும் இருக்கறது இங்க புதுசு இல்ல. மண் ஆய்வு பண்றவங்க இருகூர், பாலத்துறை, பீளமேடு, பெரியநாயக்கன்பாளையம்னு நம்மூரு பேருகளையே மண்ணு வகைக்கு வெச்சிருக்காங்க, கோயமுத்தூரைச் சுத்தியே அத்தனை ரகம் இருக்குதுன்னா பாத்துக்கங்க. அதுலயும் செவப்போ கருப்போ நெறைய எடத்துல அடியில சுண்ணாம்பு இருக்குது, கெணறு வெட்டுன எடத்துலயும் ரோட்டோரம் நோண்டிப் போட்ட எடத்துலயும் வெள்ள வெள்ளயா சுக்காங்கல்லு கெடக்கும் பாருங்க, அது தான்.

ரெண்டாவது மனுசன் பண்ணுனது. வீட்டுத்தோட்டத்துல பெரும்பாலும் பிரச்சனையே இது தான். வீடு கட்டறப்ப பேஸ்மெண்ட்டுக்கு நோண்டுன அடிமண்ணை எடுத்து அப்படியே பக்கத்துல தள்ளி மட்டம் பண்ணியிருப்பாங்க, மேல இருந்த நல்ல மண்ணு அதுக்கடியில புதைஞ்சு போயிருக்கும். சிமெண்ட் கொழச்ச எடம், சுண்ணாம்பு ஊற வெச்ச எடம், ஜல்லி கொட்டி வெச்ச எடம், டிப்பர் லாரி வந்து திரும்புன எடம் எல்லாத்துக்கும் ஒரு கோளாறு இருக்கும். பழைய தோட்டத்துச் சாளையா, அதாவது தோட்டத்து வீடா இருந்தா அது வேற கதை, மாடு கட்டுன கட்டுத்தரை இருந்த எடத்துல என்ன போட்டாலும் வெறி புடிச்ச மாதிரி வரும், களம் இருந்த எடம் கல்லாட்டம் இறுகிக் கெடக்கும். அதனால மம்மட்டியத் தூக்கறதுக்கு முன்னாடி வீட்டுல பெரியவங்க இருந்தா "இந்த எடத்துல முன்ன என்னங்க இருந்துச்சு"ன்னு ஒருக்கா கேட்டுருங்க. லேப்ல சொல்லாத சங்கதிய அவங்க சொல்லிருவாங்க.

மூணாவது சாய்வு. கண்ணுக்கு மட்டமா தெரியற எடத்துலயும் மழை பேஞ்சா தண்ணி ஒரு பக்கம் தான் போகும், மேல் பக்கத்து பொடி மண்ணு கீழ் பக்கம் போயி படிஞ்சுக்கும், மேல வெறும் கல்லும் சரளையும் மிஞ்சும். ஐப்பசி மழைல ஒரு நாள் கொடை புடிச்சுட்டு நின்னு பாருங்க, எங்க ஓடுது எங்க தேங்குதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

மொதல்ல பயிரை உட்டே கேளுங்க

டெஸ்ட் கிஸ்ட்டுன்னு போறதுக்கு முன்னாடி ஒரு சுலபமான வேலை. மொத்த எடத்தையும் லேசா கொத்தி உட்டு, எரு ஒண்ணும் போடாம, தட்டப்பயிறும் மக்காச்சோளமும் கலந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெதைச்சு உட்டுருங்க. ஆடிப்பட்டத்துல காய் போடறதா இருந்தா சித்திரைக் கடைசில ஒரு கோடை மழை கெடைச்சதும் வெதைக்கலாம். மூணு நாலு வாரத்துல எங்க மொளைப்பே வரல, எங்க மொளைச்சு மஞ்சளடிக்குது, எங்க கருகருன்னு ஏறுதுன்னு எடத்துக்கு எடம் தெளிவா தெரியும். மொட்டை மாடில ஏறி நின்னு காலை வெயில்ல ஒரு போட்டோ எடுத்தீங்கன்னா அது தான் உங்க தோட்டத்து மேப்பு, கீழ நின்னு பாத்தா தெரியாத வட்டமும் கோடும் மேல இருந்து பாத்தா தெரியும், பழைய வாய்க்கால் போன தடம் கூட சில சமயம் தெரியும்.

மக்காச்சோளம் ஏன்னா அதுக்கு எது பத்தலைன்னாலும் எலைல உடனே காட்டிரும். அடி எலை நுனில இருந்து நடு நரம்பு வழியா மஞ்சளானா தழைச்சத்து (நைட்ரஜன்) பத்தல, குருத்துப் பக்கம் வெளுத்து வெள்ளைப் பட்டை விழுந்தா துத்தநாகம் பத்தல. தட்டப்பயிறுல கொழுந்து மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையா நின்னா இரும்புச் சத்து கெடைக்கல, அதாவது அந்த எடத்துல சுண்ணாம்பு இருக்கறதுக்கு வாய்ப்பு எச்சு. அடி எலையா கொழுந்தா எது மொத மஞ்சளாச்சுன்னு பாக்கறது தான் முக்கியம், ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பண்ணக்கூடாது. பாத்து முடிச்சதும் பூவெடுக்கற சமயத்துல அப்படியே மடக்கி உழுதுட்டா அதுவே தழை உரம், காசு வீணாப் போகல.

அப்பறம் குழி நோண்டிப் பாருங்க

போட்டோல வித்தியாசமா தெரிஞ்ச ஒவ்வொரு துண்டுலயும் ஒரு அடி அகலம் ஒன்றரை அடி ஆழம் ஒரு குழி. சுவரை நல்லா நெட்டா வெட்டி உட்டு பாருங்க, மேல எத்தன இஞ்ச் வரைக்கும் ஒரே நெறம், எங்க மாறுது, வேரு எதுவரைக்கும் போயிருக்குது, மண்புழு இருக்குதா, செங்கல் துண்டு பிளாஸ்டிக் வருதா, கடப்பாரை எங்க டங்குனு நிக்குது. கருப்பு மண்ணுக்கு மேல செவப்பு மண்ணு கெடந்தா அது பெரும்பாலும் கொட்டுன மண்ணு தான்.

அந்தக் குழிலயே தண்ணி டெஸ்ட்டும் பண்ணிக்கலாம். ஒருக்கா நெறைய ஊத்தி உறிஞ்ச உட்டுட்டு, மறுபடி நெறைச்சு, ஒரு மணி நேரத்துல எத்தன இஞ்ச் எறங்குதுன்னு ஒரு குச்சில அளந்துக்கங்க. ஒண்ணுல இருந்து மூணு இஞ்ச் எறங்குனா நல்ல எடம். ஒரு இஞ்ச் கூட எறங்கலைன்னா வேரு அழுகற எடம், ஊத்த ஊத்தக் காணாமப் போச்சுன்னா எருவும் உரமும் தண்ணியோடயே போயிரும்.

மண்ணு பொடியா கனமான்னு தெரிஞ்சுக்க ஈரமாக்கி உள்ளங்கைல உருட்டுங்க, உருண்டையே புடிக்காம உதிர்ந்தா மணல், உருண்டை வந்து திரி வராம ஒடைஞ்சா நடுத்தரம், சரசரன்னு நீளத்துக்கு திரி வந்தா களி. இன்னும் வெவரமா வேணும்னா ஹார்லிக்ஸ் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு போட்டு, தண்ணி நெறைச்சு, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நல்லா குலுக்கி வெச்சுருங்க. மணல் ஒரு நிமிசத்துல அடில உக்காந்துக்கும், பொடி மண்ணு சில மணி நேரத்துல, களி அடுத்த நாள் கூட கலங்கலா நிக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பாட்டில்னு வரிசையா ஜன்னல்ல வெச்சுப் பாத்தா வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

சுண்ணாம்புக்கு எலுமிச்சம்பழம் போதும். பாத்ரூம் கழுவற ஆசிட் எல்லாம் எடுத்து வெளையாட வேண்டாம். பொங்கலூர் பக்கம் எங்க சித்தி வீட்டுல ஒரு மூலைல மட்டும் வெண்டக்கா வெளுத்துப் போயி நின்னுச்சு. "ஏனுங் சித்தி, இந்த மூலைக்கு மட்டும் தண்ணி எச்சா உடறீங்களா?"ன்னு கேட்டா, "மஞ்சளடிக்குதேன்னு தான் கண்ணு தெனமும் ரெண்டு கொடம் எச்சா ஊத்தறேன்"ங்கறாங்க. குழி நோண்டுனா ஒரு சாண் ஆழத்துலயே பட்டாணி அளவுக்கு வெள்ளக் கட்டி கட்டியா வருது, நகத்துல சுரண்டுனா மாவாட்டம் உதிருது. அந்த மண்ணு ஒரு கையளவு தட்டுல போட்டு மொதல்ல தண்ணி ஊத்தி, காத்துக் குமிழி எல்லாம் அடங்குனதுக்கப்பறம் எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சா சொய்ங்ங்னு ஒரு சத்தம், கிட்டக்க காது வெச்சா நல்லாவே கேக்குது, நுரை கட்டுது. தண்ணி மொதல்ல ஊத்தறது முக்கியம், காஞ்ச மண்ணுல எதை ஊத்துனாலும் காத்து வெளிய வந்து குமிழி உடும், அதைப் பாத்து ஏமாந்துரக் கூடாது. நல்லா வெளையற மூலைல எடுத்த மண்ணுல ஒரு சத்தமும் இல்ல.

இதுக்கப்பறம் லேப். எல்லாத் துண்டையும் கலந்து ஒரே மண்ணு மாதிரியா குடுத்தீங்கன்னா வர்ற ரிசல்ட்டு எந்தத் துண்டுக்கும் பொருந்தாது, மாதிரி குடுத்ததே வீண். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா, துண்டுக்குள்ள நாலஞ்சு எடத்துல V மாதிரி அரை அடி ஆழத்துக்கு வெட்டி ஓரமா ஒரு இஞ்ச் கனத்துக்கு சீவி எடுத்து, கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டைத் தள்ளி, அரைக் கிலோ வர்ற வரைக்கும் அப்படியே குறைச்சு, நெழல்ல காய வெச்சு துணிப்பைல போட்டு குடுங்க. வரப்பு, மரத்தடி, எருக்குழி பக்கம் எடுக்காதீங்க. வேளாண்மைத் துறை லேப் இருக்குது, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துலயும் பாக்கறாங்க. ரிசல்ட்டுல நீங்க மொதல்ல பாக்க வேண்டியது மூணு: புளிப்பா காரமான்னு காட்டற பிஎச் 6.5ல இருந்து 7.5க்குள்ள இருந்தா நிம்மதி, உப்பு அளவு ஈசி 1க்கு கீழ இருந்தா நிம்மதி, அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்கு கீழ இருந்தா மண்ணு பசியா இருக்குதுன்னு அர்த்தம். சுண்ணாம்பு நிலை என்னன்னும் கேட்டு வாங்கிக்கங்க.

இனி துண்டு துண்டா

சுண்ணாம்பு எடம். சுண்ணாம்பை எடுத்துறலாம்னு யாராவது கந்தகம் போடச் சொன்னா கணக்கைப் பாருங்க: ஒரு சென்ட்ல மேல் அரை அடி மண்ணு சுமாரா 9 டன் வரும், அதுல வெறும் 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே 90 கிலோ, அதை முறிக்க 29 கிலோ கந்தகம் வேணும், நம்மூரு மண்ணுல அதை விட பல மடங்கு இருக்கற எடம் நெறைய. ஜிப்சமும் இதுக்கு இல்ல, ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது பிஎச் 8.5க்கு மேல போயி சோடியம் ஏறி தண்ணி எறங்காம நிக்கற மண்ணுக்கு, அதுவும் லேப்ல சொன்ன அளவுக்குத் தான் போடோணும். சுண்ணாம்பு மண்ணுல ஏற்கனவே இருக்கறது கால்சியம், அதுலயே போயி இன்னும் கால்சியத்தை கொட்டி என்ன ஆகப் போகுது.

அதனால அங்க செய்ய வேண்டியது வேற. மொத தண்ணியைக் குறைங்க, சுண்ணாம்பு மண்ணு சொதசொதன்னு இருந்தா இரும்பு இன்னும் கெடைக்காமப் போகும், சித்தி ஊத்துன எச்சுத் தண்ணி தான் மஞ்சளை இன்னும் கூட்டிச்சு. அப்பறம் பத்து லிட்டர் தண்ணில 10 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) மொதல்ல கரைச்சு, அதுல 50 கிராம் அன்னபேதி உப்பு (பெர்ரஸ் சல்பேட்) போட்டுக் கரைச்சு, வடிகட்டி, சாயங்காலம் வெயில் தாழ எலை நனையற மாதிரி ஸ்ப்ரே பண்ணுங்க, பத்து பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி ஒருக்கா. அன்னபேதி வெளிர் பச்சையா இருக்கோணும், பழுப்பேறிப் போனது வாங்காதீங்க, அது வேலை செய்யாது. வெறும் மண்ணுல போட்டா அந்த இரும்பும் சீக்கிரம் பூட்டிக்கும், மக்குன எருவோட கலந்து குழில வெச்சா கொஞ்சம் நிக்கும். பயிருன்னு பாத்தா பீன்ஸ், நெலக்கடலை, எலுமிச்சை மாதிரி இரும்புக்கு ஏங்கறதை அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க, முருங்கை, கொத்தவரை, பீட்ரூட் போடுங்க.

உப்பு எடம். தண்ணி காஞ்சதும் மேல வெள்ளையா பூத்து நிக்கும், எலை ஓரம் கருகும். இது சுண்ணாம்பு இல்ல, கொஞ்சம் எடுத்து தண்ணில போட்டா கரைஞ்சுரும், சுண்ணாம்பு கரையாது. நம்ம பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு வர்ற தண்ணியே காரணமா இருக்கும், தண்ணில கரைஞ்ச உப்பைக் காட்டற டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பாருங்க, 500க்குள்ள இருந்தா கவலை இல்ல, 1500 தாண்டுனா காய்கறிக்கு கஷ்டம். சொட்டு நீர் போட்ட எடத்துல ஈர வட்டத்து ஓரத்துல உப்பு சேரும், பாரு, அதாவது மண்ணை நீள மேடா அணைச்சு தண்ணி கட்டற எடத்துல அந்த மேட்டு உச்சில சேரும், அதனால நாத்தை உச்சில நடாம பக்கச் சரிவுல நடுங்க. மழைக்காலத்துல வடிகால் வெட்டி உட்டு மழைத்தண்ணிய உள்ள எறங்க உட்டா உப்பு அடில போயிரும், மொட்டை மாடித் தண்ணிய குழாய் வெச்சு அந்த மூலைக்கு திருப்பி உட்டா இன்னும் நல்லது. வெங்காயம், கேரட், பீன்ஸ் அங்க வேண்டாம். பீட்ரூட், பாலக்கீரை தாங்கும்.

கரிசல், களி எடம். இது சத்தை நல்லா புடிச்சு வெச்சுக்கும், காத்தும் வடிகாலும் தான் இல்ல. கையில புடிச்சு அமுக்குனா உருண்டையாகி, தட்டுனா உதிரற பதத்துல மட்டும் கொத்துங்க, ஈரத்துல மிதிச்சா அந்த வருசம் பூரா கட்டி கட்டியா தான் இருக்கும். முக்கால் அடி ஒசரத்துக்கு மேட்டுப்பாத்தி, மூணு நாலு அடி அகலம், நடந்து போறது ரெண்டு பாத்திக்கு எடைல இருக்கற வழில மட்டும். மணல் கொட்டுனா எளகிரும்னு ரெண்டு சட்டி மணலைக் கொட்டறதுல ஒண்ணும் ஆகாது, களிக்குள்ள கொஞ்சூண்டு மணல் போனா காஞ்சதும் இன்னும் கெட்டியாகும். மக்குன எருவும், மண்ணு மேல சருகு பரப்பி மூடற மூடாக்கும் தான் அதுக்கு மருந்து, மெதுவா தான் வேலை செய்யும். கத்திரி, வெண்டை, மொளகாய் மேட்டுப்பாத்தில நல்லா வரும்.

செம்மண்ணு, சரளை எடம். இதுக்கு நேரெதிரா தாழ் பாத்தி, தரைல இருந்து நாலஞ்சு இஞ்ச் பள்ளமா. மூடாக்கு கட்டாயம், இல்லைன்னா ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து ஒரே நாள்ல ஈரத்தை உருவிட்டுப் போயிரும், மேக்குப் பக்கம் ரெண்டு வரிசை அகத்தியோ செடிமுருங்கையோ தடுப்பா வெச்சா பாத்திக்கு நல்லது. தரை பூரா சரி பண்ண முடியாத சரளைல கொடிக்காய் தான் புத்திசாலித்தனம்: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, வந்த சரளைய தூக்கி வீசிட்டு, நல்ல மேல்மண்ணும் 10 கிலோ மக்குன எருவும் போட்டு நெறைச்சு, அதுல அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), சொரைக்காய், பீர்க்கங்காய் வெதைங்க. சத்துக்கு முக்காவாசி அந்தக் குழியையே நம்பியிருக்கும், கொடி மட்டும் கெட்ட எடத்து மேல படர்ந்துக்கும். நாலு குழிக்கு நாப்பது கிலோ எருல ஒரு சென்ட் மூடிரும். இதே குழிய களி எடத்துல எடுத்துறாதீங்க, தண்ணி தொட்டியாட்டம் நின்னு வேரு அழுகும், அங்க மேடு கட்டித் தான் கொடி போடோணும். சின்ன வெங்காயம், முள்ளங்கி, கேரட்டுக்கு சரளை இல்லாத செம்மண்ணு தான் லாயக்கு.

கட்டடக் கழிவு எடம், லாரி நின்ன எடம். பொறுக்கறது தான் மொத வேலை, சிமெண்ட் கட்டி, பூச்சுத் துண்டு எல்லாம் மண்ணை சுண்ணாம்பாக்கும். இறுகுனதை நல்ல ஈரம் இருந்து ரெண்டு நாள் ஆனப்பறம் கடப்பாரைல ஒரு அடி ஆழத்துக்கு நெம்பி நெம்பி உடுங்க, பொரட்டிப் போடாதீங்க, அடிமண்ணு மேல வந்துரும். அப்பறம் தழை உரத்துக்கு சணப்போ தக்கைப்பூண்டோ சென்ட்டுக்கு கால் கிலோ வெதைச்சு, 40ல இருந்து 45 நாள்ல பூ வர்றப்ப மடக்கி உடுங்க. பெயிண்ட், பேட்டரி, ஆயில் கொட்டுன எடமா இருந்தா அங்க தின்ற பயிரே வேண்டாம், செம்பருத்தி வெச்சுக்கங்க.

கட்டுத்தரை எடம் தான் வேடிக்கை. தக்காளி ஆளுயரம் போகும், எலை கருகருன்னு இருக்கும், பூ வராது, வந்தாலும் கொட்டும். தழைச்சத்து மிச்சம். அங்க எரு போடறது பாவம், கீரையும் வாழையும் போட்டு ரெண்டு மூணு போகம் உறிஞ்ச உடுங்க. அந்த மண்ணையே நாலு சட்டி எடுத்து கெட்ட மூலை குழிகளுக்கு போட்டா கடைல வாங்கற எருவை விட மேல்.

மரத்தடி பத்தி அதிகம் சொல்றதுக்கு இல்ல. தென்னைக்கு சத்து எடுக்கற வேரு பெரும்பாலும் ஆறடி சுத்துக்குள்ள தான், அந்த வட்டத்தை உட்டுருங்க. கொஞ்சம் தள்ளி அரை நெழல்ல மஞ்சள், சேனை வரும்.

எருவையும் மண்ணையும் வாங்கறப்ப

காய்கறிக்கு ஏக்கருக்கு 10 டன் தொழு எருன்னு கணக்கு, சென்ட்டுக்கு 100 கிலோ. அஞ்சு சென்ட்டுக்கு 500 கிலோ உங்க கையில இல்லைன்னா இருக்கறதை அஞ்சாப் பங்கு போடாதீங்க. தண்ணிக்குப் பக்கத்துல இருக்கற, ஓரளவு நல்லா இருக்கற ரெண்டு துண்டுக்கு முழு அளவு போட்டு தெனம் பறிக்கற காய அங்க வைங்க, மத்ததுல தழை உரம் ஓடட்டும். அடுத்த வருசம் இன்னொரு துண்டு. கெட்டதுக்குத் தான் மொத எருன்னு நெனைப்போம், ஆனா உப்பும் சுண்ணாம்பும் இருக்கற எடத்துல எரு போட்ட காசு திரும்பி வர ரொம்ப நாளாகும்.

ஒரு லோடு செம்மண்ணு வாங்கி மேல பரத்தறது நம்மூர்ல பெரிய பழக்கம். ஒரு யூனிட்டு 100 கன அடி, ஒரு சென்ட்டுல பரத்துனா மூணு இஞ்ச் கூட வராது. அதுவும் களி மேல சும்மா பரத்துனா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நிக்கும், வேரு அந்தக் கோட்டைத் தாண்டாது. கொட்டறதா இருந்தா கீழ இருக்கறதோட அரை அடிக்காவது கலந்து உடோணும். வர்ற மண்ணு எந்த ஊரு, எத்தன அடில எடுத்ததுன்னு கேளுங்க, எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாத்துட்டு எறக்கச் சொல்லுங்க, டிரைவரு சிரிச்சா சிரிக்கட்டும். மணலான எடத்துக்கு குளத்து வண்டல் அருமையான சரக்கு, அனுமதி வாங்கி எடுக்கோணும்.

பல்லடம், நாமக்கல் பக்கத்துல இருந்து கோழி எரு சல்லிசா கெடைக்கும், பச்சையா போட்டா செடி வெந்துரும், உப்பும் உண்டு, மத்த குப்பையோட கலந்து மக்க வெச்சுத் தான் போடோணும், உப்பு எடத்துக்கு வேண்டவே வேண்டாம். பொள்ளாச்சி தென்னைநார்க் கழிவு ஈரம் புடிக்கும், ஆனா மக்காததை போட்டா மண்ணுல இருக்கற தழைச்சத்தை அது இழுத்துக்கும், மக்குனதா பாத்து வாங்குங்க.

தண்ணி

மண்ணு மாறுதுன்னா தண்ணியும் மாறோணும், இதை உட்டுட்டு மத்ததை எல்லாம் பண்ணுனாலும் பாதி தான் தேறும். ஒரே சொட்டு நீர் லைன், ஒரே கேட் வால்வு, ஒரு மணி நேரம் ஓட உட்டா களி எடம் மூழ்கும், சரளை எடம் காயும். மண்ணு வகைக்கு ஒரு கேட் வால்வு தனியா போடுங்க, பிளம்பருக்கு அரை நாள் வேலை. சரளை, மணல்ல தண்ணி நேரா கீழ எறங்கும், பக்கத்துல பரவாது, அதனால சொட்டுவான் கிட்டக்க கிட்டக்க, கொஞ்ச நேரம், அடிக்கடி. களில அகலமா பரவும், சொட்டுவான் தள்ளித் தள்ளி, மெதுவா, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா. விரலை ரெண்டு இஞ்ச் உள்ள உட்டுப் பாத்துட்டு வால்வைத் தொறங்க, மேல காஞ்சிருக்கறத பாத்து களிக்கு தண்ணி உடாதீங்க.

கொடத்துலயோ ஹோஸ்லயோ ஊத்தறவங்களுக்கு இன்னும் லேசு, ஒவ்வொரு பாத்தித் தலைலயும் ஒரு குச்சி நட்டு கலர் துணி கட்டி உடுங்க, செவப்பு கட்டுனதுக்கு தெனமும், பச்சை கட்டுனதுக்கு நாள் உட்டு நாள்னு. நீங்க ஊர்ல இல்லாதப்ப பக்கத்து வீட்டு அக்கா ஊத்துனாலும் மாறாது.

எல்லாம் பண்ணியும் அடம் புடிக்கற ஒரு மூலை எல்லாத் தோட்டத்துலயும் இருக்கும், அதோட மல்லுக்கட்ட வேண்டாம். கம்போஸ்ட் குழிய அங்க கொண்டு போங்க, நாத்தங்கால் தொட்டி, குரோ பேக் எல்லாம் அங்க அடுக்குங்க, கோழிக்கூண்டு வெக்கறதா இருந்தாலும் அங்கயே. மீதி எடம் இருந்தா ஒரு முருங்கைக் குச்சி ஊனி உடுங்க, அதுக்கு மண்ணு எப்படி இருந்தாலும் பரவால்ல, அடில தண்ணி மட்டும் நிக்கக் கூடாது.